இன்னொருவர் காலில் வைத்த நேர்த்தி

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் செய்யாத வேலை இல்லை. சமைத்தோம், துடைத்தோம், கிழவர்களைக் குளிப்பாட்டினோம், பணக்காரரின் நாய்களை உலாவக் கூட்டிப்போனோம். நான் மாடிப்படிகள் கழுவினேன். ஆனால் சைக்கிளை மெதுவாக ஓட்டுவதற்கென்று சம்பளம் வாங்கிய தமிழர் எனக்குத் தெரிய ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் ஏர்னஸ்ற். பழைய நகரத்துக் கால்சாப் பகுதியில் நாங்கள் சிலர் சேர்ந்து எடுத்திருந்த வீட்டில் அவருக்கும் ஒரு கட்டில் இருந்தது. வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் அதில் வந்து படுப்பார். மற்ற நாட்களில், பணக்காரர் இருக்கிற லிபெர்த்தா வீதியில், சமையலுக்கு நின்ற வீட்டிலேயே தங்குவார்.

அவருடைய ஊர் மன்னார்த் தீவில் பேசாலை. அங்கே சங்கக்கடையில் அரிசி, சீனி நிறுத்துக்கொடுத்தவர். இதற்காக ஊரில் யாரும் அவரை நினைவு வைத்திருக்கவில்லை. கோயில் பெருநாளுக்கு வைக்கிற விளையாட்டுப் போட்டியில் மெதுவான சைக்கிள் ஓட்டம் என்று ஒன்று உண்டு. சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளே ஓட்ட வேண்டும். கால் நிலத்தில் முட்டினால் வெளியே. எல்லாருக்கும் பிந்திக் கடைசியாக வந்து சேருகிறவருக்குத்தான் முதற்பரிசு. அதில் ஏர்னஸ்ற்றை வெல்ல ஆள் இல்லை. மற்றவர்கள் விழுந்தெழும்பி, வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தாலும் இந்த மனிதர் பாதி வழியில் சைக்கிளில் நின்றுகொண்டிருப்பார் என்று பேசாலைக்காரர் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். பிறகு நானே கண்ணால் கண்டேன், அப்படி ஒன்றும் பெரிதாகக் கூட்டவில்லை.

எனக்கு அவரில் எரிச்சலும் இதனால்தான். மனிதர் எல்லாவற்றையும் அப்படியே செய்வார். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவனுக்குக் கேள்வி மறந்துவிடும். சவரம் செய்யப் போனால் குளியலறை வாசலில் நாங்கள் துவாயோடு வரிசையில் நிற்போம். "அண்ணை, உள்ளை நித்திரையோ?" என்று கத்துவேன். "இந்தா வாறன் துரை," என்று என் பெயரைச் சொல்லிக் குரல் வரும். ஆள் வரமாட்டார்.

அவருடைய மனைவி மொனிகா அக்கா கொழும்பில் கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் இருந்தார். மன்னாரை விட்டு வந்து, புருசனிடம் போகக் கடதாசி வரும் வரும் என்று வருடக்கணக்காகக் காத்திருந்தார். அந்தக் கடதாசிக்கு ஏர்னஸ்ற்றின் முதலாளி கையெழுத்து வைக்க வேண்டும். இந்த ஆளை நான் வேலைக்கு வைத்திருக்கிறேன், இனியும் வைத்திருப்பேன் என்று. முதலாளி ஓய்வுபெற்ற எஞ்சினியர், பெயர் வித்ரானோ. வீதி போடுகிற எஞ்சினியர். இளமையில் சைக்கிள் பந்தயங்களில் ஓடியவர். வீட்டு நடையில் கம்பளிச் சட்டையோடும் சேறு அப்பிய முகத்தோடும் அவர் நிற்கிற படம் ஒன்று தொங்கியது. கோயில் பக்கம் போகாதவர். நல்ல மனிதர், ஆனால் எதையும் நாளைக்குப் பார்ப்போம் என்கிற நல்ல மனிதர். கடதாசி அவருடைய மேசையில் கிடந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று கிடந்தது. அப்படிக் கிடக்கும்போதே தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி மாதம் மனிதருக்கு மாரடைப்பு வந்தது.

ஆசுப்பத்திரி விறாந்தையில் ஏர்னஸ்ற் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். எஞ்சினியரின் மனைவி சிஞ்ஞோரா அமாலியா அதைக் கண்டு, பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார். அந்த வீட்டில் எஞ்சினியருக்காக அழுத ஆட்கள் அவர்கள் இரண்டு பேரும்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். சிஞ்ஞோராவின் தம்பி, உறுதி எழுதுகிற நொத்தாரிசு, அந்தக் கிழமை கல்லறைக்குச் சலவைக்கல் பார்க்கப் போயிருந்தார்.

எஞ்சினியர் சாகவில்லை. பங்குனியில் வீட்டுக்கு வந்தார். வந்து கட்டிலில் சாய்ந்தபடியே, நாளைக்கு என்று சொல்லாமல், கையெழுத்து வைத்தார்.

அதற்குப் பிறகுதான் பயிற்சி தொடங்கியது. வைத்தியர் சொன்னது இதுதான்: முதலில் நடை, பிறகு மெதுவான ஓட்டம், பிறகு சமதரையில் சைக்கிள். ஏற்றம் மட்டும் கூடவே கூடாது. பலெர்மோ இதற்குத் தோதான ஊர். கடலோரம் முழுக்கத் தட்டுப்போலத் தட்டை. ஒரு முனையில் மட்டும் பெல்லெக்ரீனோ மலை, மேலே சந்தா ரோசாலியா என்கிற புனிதையின் கோயிலோடு, நட்டுக்கொண்டு நிற்கிறது. சிஞ்ஞோரா ஏர்னஸ்ற்றைக் கூப்பிட்டு, "சமையலை நான் பார்க்கிறேன். நீ அவரோடு போ. அவரை வேகமாகப் போக விடாதே," என்று சொல்லிவிட்டார். பாதாம் அரைத்துக்கொண்டிருந்த மனிதர் அந்த நிமிடத்தில் பயிற்சியாளர் ஆனார்.

எங்கள் ஆட்களுக்குக் காலையில் தெருவில் ஓடுவது என்றால் இரண்டே அர்த்தம்தான். ஒன்று பஸ்ஸைத் தவறவிட்டாய், இல்லாவிட்டால் எதையோ எடுத்துவிட்டாய். ஏர்னஸ்ற் காற்சட்டையும் இடுப்புப் பட்டியும் சேர்ட்டும் போட்டுக்கொண்டு முன்னால் ஓடினார். எஞ்சினியர் பின்னால் மூச்சிரைக்க ஓடினார். முதல் நாளே ஒரு பொலிஸ்காரர் மறித்து, "என்ன எடுத்தான்?" என்று எஞ்சினியரைக் கேட்டார். ஒரு கிழமைக்குள் கால்சா முழுக்கக் கதை பரவிவிட்டது. மாதா கோயில் வாசலில் ஒரு அன்ரி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஏர்னஸ்ற்றை அந்த வீட்டாக்கள் கலைச்சுப்போட்டினமாமே?"

"ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. முதலாளி பின்னாலை கலைச்சுக்கொண்டு ஓடினதை நான் கண்டனான்."

அதற்குப் பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினார்கள். வேகம் கூடுகிறதா என்று பார்க்க வைத்தியர் ஒரு வழி சொல்லியிருந்தார்: ஓடும்போது தடையில்லாமல் கதைக்க முடிய வேண்டும். கதை முட்டினால் நிற்க வேண்டும். ஏர்னஸ்ற்றுக்குத் தெரிந்த நீளமான கதை செபமாலைதான். அதைச் சொல்லச் சொன்னார். எஞ்சினியர் மாட்டேன் என்றார். அவர் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தார். மைத்துனரான அந்த நொத்தாரிசைத் திட்டுவது. கலியாணத்தன்று அவன் செய்தது, காணி பிரித்தபோது செய்தது, மாமியாரின் அலுமாரியை இரவோடிரவாக ஏற்றிப்போனது எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஓடுவார். ஏர்னஸ்ற்றுக்குப் பாதி விளங்காது. விளங்கத் தேவையும் இல்லை. திட்டு தொடர்ந்து வந்தால் இதயம் சரி.

பிறகு சைக்கிள் வந்தது. இங்கேதான் கரைச்சல் தொடங்கியது. ஓட்டத்தில் எஞ்சினியர் வெறும் நோயாளி. சைக்கிளில் ஏறியதும் பழைய பந்தயக்காரன் எழும்பிவிட்டான். தலையைக் குனிந்து, பின்பக்கத்தைத் தூக்கி, ஃபவொரீத்தாப் பூங்கா மரங்களுக்குள்ளே பறந்துவிட்டார். ஏர்னஸ்ற் பின்னால் கத்திக்கொண்டே போய், ஒரு தண்ணீர்க் குழாயடியில் மனிதர் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்ததைக் கண்டார். அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீட்டுக்குப் போய் எப்படி சிஞ்ஞோராவின் முகத்தில் முழிப்பது?

இந்த இடத்தில் ஒரு கெட்டிக்காரன் நல்ல புத்தி சொல்லியிருப்பான். ஏர்னஸ்ற் கெட்டிக்காரன் இல்லை, பேசாலைக்காரன். அவர் ஒரு சோக்கட்டியால் வீதியில் இரண்டு கோடு இழுத்தார். "எங்கள் ஊரில் ஒரு பந்தயம் உண்டு," என்று தன் உடைந்த இத்தாலியனில் சொன்னார். "முதலில் போகிறவர் தோற்பார்."

எஞ்சினியர் சிரித்தார். பந்தயம் தொடங்கி மூன்று அடி தூரம் போகுமுன்னே விழுந்தார். ஏர்னஸ்ற் அதே இடத்தில், ஹாண்டிலைச் சின்னதாக அங்குமிங்கும் ஆட்டிக்கொண்டு, சாமான் வாங்க வந்தவர் கடைவாசலில் நிற்பதுபோல் நின்றார். எஞ்சினியர் எழும்பி, முழங்காலைத் தட்டிவிட்டு, "இன்னொரு முறை," என்றார். அவ்வளவுதான். பந்தயக்காரனுக்குப் பந்தயம் இருந்தால் போதும், எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது பெரிய விசயம் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தோற்றார். வீட்டு முற்றத்தில் களவாகப் பழகினார். பூங்காவில் உண்மையான சைக்கிள்காரர்கள் பளபளக்கிற உடுப்போடு பறந்து போகும்போது, இந்த இரண்டு பேரும் நகராமல் நின்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருப்பார்கள். ஒன்றரை வருடத்தில் வைத்தியரே ஆச்சரியப்பட்டார். சிஞ்ஞோரா ஏர்னஸ்ற்றுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார்.

தொண்ணூற்றாறு புரட்டாதியில் மொனிகா அக்காவுக்கு விசா கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக்குக் கதைக்கிற கடைக்கு நானும் கூடப் போனேன். மொனிகா அக்காவின் குரலுக்கு உண்மையில் ரெலிபோன் தேவையில்லை. ரெலிபோன் கூண்டுக்கு வெளியே நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"விசா குத்தியாச்சு," என்றார்.

"அப்ப ரிக்கற் போடட்டே?"

"பொறுங்கோ. உங்கடை எஞ்சினியர் மலைக்குப் போட்டு வந்திட்டாரோ?"

"எந்த மலை?"

"நீங்கள் ஒவ்வொரு முறையும் சொல்லுவியளே, எங்கடை சனமெல்லாம் ஏறிப் போறது எண்டு. சந்தா ரோசாலியா மலை. அவர் ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கை நான் நேந்தனான். அவர் எழும்பிக் கையெழுத்து வைச்சால், தன்ரை காலாலை மலையேறி உன்ரை வாசல்லை வந்து நிப்பார் எண்டு."

ஏர்னஸ்ற் றிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"ஆர், அவரோ?"

"வேறை ஆர்? வருத்தம் அவருக்குத்தானே."

எங்கள் ஆட்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் நேருவாள். மொட்டை பிள்ளைக்கு. புருசனுக்கு விபத்து என்றால் மனைவி நேருவாள், காவடி புருசனுக்கு. படுத்திருக்கிறவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. சைவக்காரரான நாங்களும் கிறிஸ்தவர்களான வேதக்காரரும் மற்றதில் எப்படியோ, இதில் ஒன்று. மொனிகா அக்கா செய்ததில் இருந்த ஒரேயொரு பிசகு, அந்த வழக்கத்தை லிபெர்த்தாவில் இருக்கிற, கோயிலுக்குப் போகாத, ஏற்றம் ஏறினால் செத்துப்போவார் என்று வைத்தியர் சொன்ன ஒரு சிசிலிக்காரரின் காலில் கொண்டுபோய் வைத்ததுதான்.

"நான் போட்டு வாறன் மொனிகா. முழங்காலிலை போறன்," என்றார் ஏர்னஸ்ற்.

"நான் உங்களை நேரேல்லை."

"கோயில் சுவாமியாரிட்டைக் கேட்டால் நேர்த்தியைத் தவிர்த்து விடுவார்."

"சுவாமியார் தவிர்ப்பார். போன முறை நாங்கள் தவணை கேட்டு என்ன நடந்தது எண்டு நினைவிருக்கோ?"

ஏர்னஸ்ற்றின் முகம் செத்துப்போனது. அவர்களுக்கு ஒரு ஆண்பிள்ளை இருந்தது. நடக்கத் தொடங்கிய வயதில் கடும் காய்ச்சல் வந்து, மடுக் கோயில் மாதாவுக்கு நேர்ந்து, சுகமானது. கொண்டுபோய்க் காட்ட வேண்டிய நேரத்தில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டிவிட்டார்கள். பாதை திறக்கட்டும் என்று இருந்தார்கள். பாதை திறக்க முன்னம் இன்னொரு காய்ச்சல் வந்து பிள்ளையைக் கொண்டுபோனது. அந்தக் காய்ச்சலுக்கும் நேர்த்திக்கும் தொடர்பில்லை என்று நான் சொல்வேன். வைத்தியரும் சொல்வார். மொனிகா அக்காவிடம் யார் போய்ச் சொல்வது?

"அவர் ஏறாமல் நான் பிளேன் ஏறமாட்டன்," என்று சொல்லிவிட்டு அவர் அழத் தொடங்கினார். ஏர்னஸ்ற் றிசீவரைப் பிடித்தபடி நின்றார். விசா முடிகிற திகதி ஒன்று இருந்தது. அதற்குள் அவர் வராவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

திரும்பி வருகிற வழியில் நான் பொரிந்து தள்ளினேன். "விசர்க் கதை அண்ணை இது! ஏறினவர் எண்டு ஒரு பொய்யைச் சொல்லிவிடுங்கோ. அங்கை இருக்கிறவாக்கு என்ன தெரியும்?"

கால்சா வீட்டுப் படியில் கால் வைக்கும்போதுதான் பதில் சொன்னார்: "பொய் சொல்லலாம் துரை. ஆனால் மொனிகா இஞ்சை வந்தால் முதல் வேலையா அந்தாளிட்டையே கேப்பாள்."

வியாழக்கிழமை அவர் என்னைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். எஞ்சினியரிடம் சொல்லப்போவதாகவும், தன் இத்தாலியன் அதற்குக் காணாது என்றும் சொன்னார். நான் அவரைவிட முன்னே வந்தவன். படி கழுவுகிறபோது கிழவிகளோடு வாய் கொடுத்து வாய் கொடுத்துப் பழகியவன். அதனால் மர வாங்கு ஒன்றில் எஞ்சினியரை நடுவில் இருத்தி, அவருடைய கால்கள் அவருக்குத் தெரியாமல் வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லுகிற பொறுப்பு எனக்கு வந்தது.

"யாருடைய கால்கள்?" என்று கேட்டார் எஞ்சினியர்.

"உங்களுடையவை."

"என்னை யாரும் கேட்கவில்லையே?"

"உங்களுக்கு அப்போது நினைவில்லை."

அவர் கால்களை நீட்டிப் பார்த்தார். சந்தா ரோசாலியாவுக்கு நேருவது பலெர்மோக்காரருக்குப் புதிதில்லை. வெறுங்காலோடு ஏறுகிறவர்களை அவர் சின்ன வயதிலிருந்து கண்டவர். ஆனால் அவர்கள் தங்கள் கால்களைத்தான் கொடுப்பார்கள்.

"எப்போது நேர்ந்தாள்?"

"நீங்கள் ஆசுப்பத்திரியில் இருந்த முதற் கிழமை."

"அந்தக் கிழமை என் மைத்துனன் சலவைக்கல் பார்த்தான். என் மனைவி பாவம், என் கறுப்புச் சூட்டைத் தோய்க்கக் கொடுத்தாள். பாதிரியாரைக் கூட்டி வந்தார்கள்." நீட்டிய கால்களை மடக்கினார். "அதே கிழமை ஒரு பெண் நான் மலையேறுவேன் என்று சொல்லியிருக்கிறாள்."

"ஓம்," என்று ஏர்னஸ்ற் தமிழிலேயே சொன்னார்.

"அவள் என்னைக் கண்டதுண்டா?"

"இல்லை."

"அதுதான். கண்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்." அவருடைய கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "எப்போது போகிறோம்?"

இதற்குத்தான் நான் பயந்தேன். அவர் மறுத்தால் ஒரு துன்பம், சம்மதித்தால் இன்னொரு துன்பம். ஏர்னஸ்ற் ஒரு நிபந்தனை வைத்தார். மலை முழுக்க மெதுவான சைக்கிள் ஓட்டம். எஞ்சினியர் ஏர்னஸ்ற்றை முந்தினால் தோல்வி, திரும்பி வர வேண்டும். நெஞ்சில் சின்ன நோ என்றாலும் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில் மொனிகா அக்காவிடமும் சைக்கிளில் ஏற அனுமதி வாங்கினார்.

"காலாலைதானே மிதிக்கிறார்? அப்ப சரி. ஆனால் மோட்டர் கூடாது. தள்ளவும் கூடாது. விழப் பாத்தாலும் ஆரும் பிடிக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்."

ஐப்பசியில் ஒரு குளிர்ந்த காலை போனோம். சிஞ்ஞோராவுக்கு வழக்கமான பூங்கா என்று சொல்லப்பட்டது. நான் இரவல் சைக்கிளில் தண்ணீரும் நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசையும் கொண்டு பின்னால் போனேன். இந்தக் கூத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதை இரண்டு பேருக்கும் முதலே சொல்லியிருந்தேன். ஒருவரும் காதில் போடவில்லை.

ஏற்றத்தில் மெதுவாக ஓட்டுவது சமதரையில் ஓட்டுவதைப்போல் இல்லை. மெதுவாகப் போனால் சைக்கிள் பின்வாங்கும், வேகமாகப் போனால் இதயம் பின்வாங்கும். ஏர்னஸ்ற் வீதியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் குறுக்கே போனார், திரும்பினார், மறுபடி குறுக்கே. ஏறுகிறாரா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு ஏறினார். எஞ்சினியர் அதே தடத்தில் பின்னால் வந்தார், நொத்தாரிசைத் திட்டியபடி. கலியாணம் முடிந்தது, காணி முடிந்தது, அலுமாரி வந்தது. ஜெபம் சொல்லிக்கொண்டு நடந்து போன இரண்டு கிழவிகள் எங்களை முந்திப்போனார்கள். ஒருத்தி எஞ்சினியரின் வாயைக் கேட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பாதி மலைக்கு மேலே, ஒரு வளைவில், திட்டு நின்றது.

ஏர்னஸ்ற் திரும்பிப் பார்த்தார். நான் குளிசையை எடுத்துவிட்டேன். எஞ்சினியர் மிதித்துக்கொண்டுதான் இருந்தார், வாய் மட்டும் மூடியிருந்தது.

"இஞ்செஞ்ஞேரே! கதையுங்கள்!" என்று எஞ்சினியரைப் பார்த்துக் கத்தினார் ஏர்னஸ்ற்.

"முடிந்துவிட்டது," என்றார் எஞ்சினியர், மூச்சு சீராகவே வந்தது. "அவனைப் பற்றிச் சொல்ல இனி ஒன்றும் இல்லை. எல்லாம் சொல்லிவிட்டேன்."

கோயிலுக்குப் போகிற கடைசி ஏற்றத்தில் அவருடைய சைக்கிள் தள்ளாடிக் கால் நிலத்தில் முட்டியது. மறுபடி ஏறப் பார்த்தார், முடியவில்லை. சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு நடக்கத் தொடங்கினார். அடிகள் கோணலாக விழுந்தன. ஏர்னஸ்ற் தன் சைக்கிளை அப்படியே வீதியில் போட்டுவிட்டு ஓடி வந்து பின்னால் நின்றார். பிடிக்கக் கூடாது. அதனால் இரண்டு கைகளையும் அகல விரித்து, உடம்பில் முட்டாமல், குனிந்தபடி ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்தார். தத்தி நடக்கிற பிள்ளைக்குப் பின்னால் தகப்பன் அப்படித்தான் போவான். அவருக்கு அந்த நடை நன்றாகப் பழக்கமாயிருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதைச் சொல்வதில் என்ன வெட்கம்?

கோயில் ஒரு குகை. பாறையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, அதைத் தகரப் பீலி வைத்துப் பிடிக்கிறார்கள். உள்ளே எங்கள் சனம் சிலர் இருந்தார்கள், சைவரும் வேதக்காரரும், வேலைக்கு முன்னால் வந்தவர்கள். எஞ்சினியர் வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"நான் என்ன சொல்ல வேண்டும்?"

"வந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான்," என்றார் ஏர்னஸ்ற்.

அவர் சொன்னார். சிசிலியனில், ஊர்ப் பெரிய மனுசியிடம் வேலை கேட்டு வந்தவரைப்போல, தாழ்ந்த குரலில்.

அன்று பகலே ஸ்தாசியோனேக்கு ஓடிப்போய்க் கொழும்புக்கு எடுத்தோம். "ஆரும் பிடிக்கேல்லையோ?" என்று மட்டும் மொனிகா அக்கா கேட்டார். "இல்லை," என்றார் ஏர்னஸ்ற். "ரிக்கற்றைப் போடுங்கோ," என்று பதில் வந்தது.

எஞ்சினியர் தன் வெற்றியை மத்தியானச் சாப்பாடு வரைக்கும் மறைத்து வைத்திருந்தார். அதற்கு மேல் முடியவில்லை. மாக்கறோனி வரும்போது சொல்லிவிட்டார். சிஞ்ஞோரா கரண்டியை வைத்துவிட்டு எழும்பினார். ஏர்னஸ்ற் அவரை அப்படிக் கண்டதில்லையாம். சத்தம் போடவில்லை. "ஒவ்வொரு காலையும் அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் நான் எழும்புகிறேன். நீ உன் பெண்டாட்டிக்காக அவரை மலையில் ஏற்றினாய். இன்றைக்கே போய்விடு," என்றார். எஞ்சினியர் மேசையில் அடித்துக் கத்தினார், பலனில்லை. ஏர்னஸ்ற் தன் சாமான்களோடு கால்சாவுக்கு வந்து கட்டிலில் இருந்தார். சிஞ்ஞோரா சொன்னதில் எந்தச் சொல் பிழை என்று என்னைக் கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

வேலை போனதை அவர் மொனிகா அக்காவுக்குச் சொல்லவில்லை. வேலையும் அந்த வீட்டு விலாசமும் இல்லாமல் இங்கே தங்குகிற அனுமதியான பெர்மெஸ்ஸோ எடுக்க முடியாது. வந்த மனுசியை நாளைக்கு எந்தக் கடதாசியைக் காட்டி வைத்திருப்பது? அக்கா வந்திறங்குகிற நாள், புன்தா ரைசி விமான நிலையத்தில் அவர் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மொனிகா அக்கா குரலை வைத்து நான் நினைத்ததைவிடச் சின்ன ஆள். கனத்த பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். புருசனைக் கண்டதும் பெட்டியை விட்டுவிட்டு அவருடைய சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கண்ணைத் துடைத்தார்.

"எஞ்சினியர் வீட்டை போவம்."

"முதல் வீட்டை வந்து சாப்பிடும். களைச்சுப்போனீர்."

"முதல் அங்கை."

அப்போதுதான் ஏர்னஸ்ற் நடந்ததைச் சொன்னார். பஸ்ஸில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தன் வேகத்தில். மொனிகா அக்கா கேட்டு முடித்துவிட்டு, "அப்ப கட்டாயம் அங்கை," என்றார்.

லிபெர்த்தாவில் இறங்கினோம். மாடி ஏறினோம். கதவைத் திறந்தது சிஞ்ஞோரா. எங்களை உள்ளே விடவும் இல்லை, கதவைப் பூட்டவும் இல்லை. ஏர்னஸ்ற் தலையைக் குனிந்தார். மொனிகா அக்கா முன்னால் வந்தார்.

"தம்பி, சொல்லுங்கோ. நேந்தது இவர் இல்லை, நான். பேசிறதெண்டால் என்னைப் பேசச் சொல்லுங்கோ."

சொன்னேன். சிஞ்ஞோரா அவரை மேலிருந்து கீழே பார்த்தார். நீண்ட பயணத்தில் கசங்கிய சேலை, வீங்கிய கால்.

"கேள் அவளிடம். கடதாசிக்காக நேர்ந்தாளா, என் புருசனுக்காக நேர்ந்தாளா?"

நான் அதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கலாம். பதிலையும் மாற்றியிருக்கலாம். ஆனால் இவ்வளவு தூரம் எல்லாரும் உண்மையைக் கட்டிக்கொண்டு மாரடித்த பிறகு நான் ஒருவன் மட்டும் ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அப்படியே கேட்டேன்.

மொனிகா அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

"முதல் கடதாசிக்குத்தான்," என்றார். "பிறகு ஒவ்வொரு நாளும் கொச்சிக்கடைக் கோயில்லை அவரின்ரை பேரைச் சொல்லி மெழுகுதிரி கொளுத்தினனான். கடதாசி வந்தாப் பிறகும் நிப்பாட்டேல்லை. எனக்குப் பயமாக் கிடந்தது, அந்த மனுசனுக்கு ஏதும் நடந்திடுமோ எண்டு."

அதையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

சிஞ்ஞோராவின் வாய் கோணியது. "எனக்கும்," என்றார்.

பிறகு குனிந்து, ஏர்னஸ்ற்றின் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கித் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அந்த அம்மா ஒரு பாரம் தூக்கி நான் அதற்கு முன் கண்டதில்லை. நாங்கள் மூன்று பேரும் வெறுங்கையோடு பின்னால் போனோம்.